மாநாட்டுக்கு வருபவர் ரகசியமாகப் பேச ஓர் ஆள்: எப்படி ஏற்பாடு செய்வது?

கேள்வி: எங்கள் ஆய்வுச் சங்கம் வருடாவருடம் 3 நாள் மாநாடு நடத்துகிறது. இந்த முறை கோவையில், ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில். 400 பேர் வருவார்கள், அதில் பாதிப்பேர் ஆராய்ச்சி மாணவர்கள். போன வருட மாநாட்டு விருந்தில் ஒரு மூத்த பேராசிரியர் தன்னிடம் நடந்துகொண்ட விதம் பற்றி ஒரு மாணவி பல வாரம் கழித்துத் தோழி மூலமாகச் சொல்லி அனுப்பினார். யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியவில்லையாம். வெளிநாட்டு மாநாடுகளில் இப்படி வருபவர்கள் ரகசியமாகப் பேச ‘ஆம்பட்ஸ்’ (ஆம்பட்ஸ்மேன் என்பதன் சுருக்கம்) என்று ஒருவரை வைக்கிறார்களாமே, நாங்களும் வைக்கலாமா? கல்லூரியில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு இருக்கும் கமிட்டி போதாதா? அவரிடம் வரும் புகார்களைச் செயற்குழு எப்படித் தெரிந்துகொள்வது?
– சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தெரிந்துகொள்ள முடியாது. யார் வந்தார், யாரைப் பற்றிப் பேசினார், எந்த அரங்கில் நடந்தது என்று எதுவும் உங்கள் காதுக்கு வராது. இதற்கு உங்கள் குழு முழுமனதோடு சம்மதிக்காவிட்டால் ஆம்பட்ஸ் வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னும் சில மாணவர்களுக்குப் பயணப்படி கொடுங்கள், புண்ணியமாவது மிஞ்சும்.

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். முதல் நாள் மாலையே யாராவது ஒரு பொறுப்பாளர் வந்து, “பேரெல்லாம் வேண்டாம் மேடம், எந்த யுனிவர்சிட்டின்னு மட்டும் சொல்லுங்க” என்பார். நல்லெண்ணத்தில்தான் கேட்பார். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து 3 பேர் வந்திருக்கிற மாநாட்டில் பல்கலைக்கழகத்தைச் சொல்வதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான்.

ஆம்பட்ஸ்மேன் என்றதும் நம் ஊரில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் காப்பீட்டுத் துறை குறைதீர்ப்பாளரும் நினைவுக்கு வருவார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2023 விதிமுறைப்படி மாணவர் குறைகளைக் கேட்கப் பல்கலைக்கழகங்களிலும் ஒருவர் உண்டு. இவர்கள் மனு வாங்கி, இரு தரப்பையும் கேட்டு, முடிவு சொல்பவர்கள். மாநாட்டில் உட்காருபவர் அந்த ரகம் இல்லை. மனு வாங்கமாட்டார், விசாரிக்கமாட்டார், யார்மேல் தப்பு என்றும் சொல்லமாட்டார். இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சர்வதேச சங்கம் 4 விஷயங்களை அடிப்படையாக வைத்திருக்கிறது: யாருக்கும் கட்டுப்படாமல் இருப்பது, எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பது, ரகசியம் காப்பது, முறைசார்ந்த நடவடிக்கை எதிலும் பங்கெடுக்காமல் இருப்பது. நான்காவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அதன் அர்த்தம் இதுதான்: ஆம்பட்ஸிடம் சொன்னது சங்கத்திடம் சொன்னதாக ஆகாது. புகார் பதிவாக வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் அவர் வேறு கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று ஆம்பட்ஸ் காட்டுவார், அவ்வளவே.

அப்படியானால் அவரால் என்னதான் பயன் என்று கேட்பீர்கள். பாலியல் தொல்லைக்காக மட்டும் யாரும் அந்த அறைக்கு வருவதில்லை. தன் ஆய்வை விளக்கும் போஸ்டர் முன்னால் நின்று வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு போனவர் தன் தரவைப் பயன்படுத்திவிடுவாரோ என்று பயப்படுகிறவர் வருவார். கட்டுரையில் முதல் பெயராக இருக்க வேண்டிய தன் பெயர் மூன்றாவதாக இறங்கிவிட்டது என்பவர் வருவார். கேள்வி நேரத்தில் நூறு பேர் முன்னால் அவமானப்பட்டவர், சாப்பாட்டு மேசையில் “எந்த ஊரு, யாரு வகையறா?” என்று சுற்றிச்சுற்றிச் சாதியைத் துருவப்பட்டவர், தங்கும் அறையைத் தெரியாத ஒருவரோடு பகிரச் சொன்னார்கள் என்பவர் எல்லாரும் வருவார்கள்.

உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்.

“மேடம், நான் கம்ப்ளெயின்ட் எதுவும் கொடுக்க வரலை.”

“சரிம்மா. நானும் கம்ப்ளெயின்ட் வாங்கறவ இல்ல. உட்காருங்க.”

“என் கைடுக்குத் தெரிஞ்சிடுமா?”

“என் மூலமா தெரியாது. ரெண்டு விஷயத்துல மட்டும் நான் வாய் திறக்க வேண்டி வரும். அதை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் எதைச் சொல்றது, எதை விடறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.”

அந்த இரண்டு விஷயங்கள் எவை என்று பின்னால் சொல்கிறேன். இங்கே பார்க்க வேண்டியது வரிசையை. வந்தவர் கதையைக் கொட்டிய பிறகு விதிவிலக்கைச் சொன்னால் அது ஏமாற்று வேலை. ஆகவே முதல் நிமிடத்திலேயே அது சொல்லப்பட வேண்டும். பிறகு அவர் சொல்வதை ஆற அமரக் கேட்டு, கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். எதிராளியிடம் நேரில் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்க்கலாம். வந்தவர் அனுமதித்தால் ஆம்பட்ஸே போய் ஒரு வார்த்தை சொல்லலாம். “நாளைய அமர்வில் என்னை அவரோடு ஒரே மேடையில் உட்கார வைக்காமல் இருக்க முடியுமா” என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் காரணம் சொல்லாமல் கேட்டு மாற்றித் தரலாம். எதுவும் செய்யாமல் பேசிவிட்டு மட்டும் போகலாம். அதுவும் ஒரு முடிவுதான்.

நடுநிலை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். “என்னைப் பற்றி யாரோ ஏதோ பரப்புகிறார்கள்” என்று அந்தப் பேராசிரியரும் அதே அறைக்கு வரலாம். அவருக்கும் அதே நாற்காலி, அதே மரியாதை. இதனால்தான் ஒருவருக்குப் பதில் இருவர் வேண்டும் என்கிறேன், ஒரு பெண்ணும் ஓர் ஆணுமாக. ஒரே சிக்கலின் இரு முனைகளும் ஒருவரிடமே வந்து மாட்டினால் மற்றவரிடம் அனுப்பலாம்.

அடுத்து, கல்லூரிக் கமிட்டி. விசாகா கமிட்டி என்று பலரும் சொல்கிற உள்ளகப் புகார்க் குழு, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் எல்லாம் இருந்தாக வேண்டும். வேலை நிமித்தமாகப் போகும் இடமும் அந்தச் சட்டத்தில் பணியிடமே, ஆகையால் மாநாடும் அதில் வரும். உயர்கல்வி நிறுவன மாணவர்களுக்கு யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைகள் உண்டு. ஆம்பட்ஸ் இந்தக் குழுவுக்கு மாற்று இல்லை, குழுவும் ஆம்பட்ஸுக்கு மாற்று இல்லை. குழுவிடம் போவது என்றால் எழுத்தில் புகார், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், விசாரணை, அறிக்கை. அதற்கெல்லாம் மனசு தயாராகாதவர் போக ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் ஆம்பட்ஸ்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தச் சட்டப்படி சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். ஆம்பட்ஸிடம் பேசிக்கொண்டிருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இதை வந்தவரிடம் தேதியோடு சொல்லாத ஆம்பட்ஸ் நல்லதைவிடக் கெடுதலே செய்வார். போன வருட மாணவிக்கு அந்த 6 மாதமும் அநேகமாகக் கடந்திருக்கும். காவல்துறைப் புகாருக்குக் காலக்கணக்கு வேறு, அதற்கு அவர் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கலாம். நீங்களாகத் தேடிப் போய்ப் பெயர் கேட்காதீர்கள். இந்த விவரத்தை அதே தோழி மூலம் சொல்லி அனுப்புங்கள், போதும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லிப் பலர் முன்னால் இழிவுபடுத்தினால் அதற்கு 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அது போலீஸ் விஷயம், உங்கள் செயற்குழு உட்கார்ந்து சமாதானம் பேசும் விஷயம் இல்லை.

வெளிநாட்டில் எல்லாரும் ஒரே மாதிரி செய்வதில்லை. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் 2017-இல் தொல்லை கொடுப்பதை ஆய்வு நெறி மீறலாகவே அறிவித்து, விதியைக் கடுமையாக்கும் வழியில் போனது. கணினிக் கட்டமைப்புத் துறையில் ‘கேர்ஸ்’ என்று ஒரு குழு அமைத்தார்கள். துறையில் எல்லாரும் அறிந்த ஆய்வாளர்களே காது கொடுத்துக் கேட்டு வழி சொல்லும் ஏற்பாடு அது. நம் ஊரில் அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். இங்கே ஒரு துறையில் மூத்தவர் என்றால் அவர் யாரோ ஒரு மாணவரின் ஆய்வேட்டைத் திருத்துபவர், இன்னொருவரின் வைவாவுக்கு வெளித்தேர்வாளர், நாளைக்கு உதவிப் பேராசிரியர் நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும், மாணவர் வாய் திறக்கமாட்டார்.

ஆகவே துறைக்கு வெளியே தேடுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் 2005 முதல் இயங்குகிறது. சமரசர்களாக வருபவர்களுக்கு வழக்கமாக 40 மணி நேரப் பயிற்சி உண்டு. அப்படிப் பயிற்சி பெற்ற வழக்கறிஞர்கள், மனநல ஆலோசகர்கள், பெரிய நிறுவனங்களில் இதே வேலை பார்த்தவர்கள் கோவையிலேயே கிடைப்பார்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்காது. கல்லூரிக் குழுவில் இருப்பவர், கட்டுரைகளைத் தேர்வு செய்தவர், கல்லூரி முதல்வரின் உறவினர் யாரும் வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் கட்டாயம். வடமாநிலத்தவர் வருவதானால் இருவரில் ஒருவருக்கு இந்தி தெரிந்திருப்பது நல்லது.

ஆளைவிட அறையில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பதிவு மேசைக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட, வாசலில் பெரிய பேனர் கட்டிய அறை என்றால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கழிப்பறைக்கோ நூலகத்துக்கோ போகிற வழியில் இருக்கும் அறை தோது, அந்தப் பக்கம் நடப்பவரை யாரும் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். வராந்தாவில் சிசிடிவி கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதல் நாளே போய் அண்ணாந்து பாருங்கள். கதவைப் பார்த்தபடி இருந்தால் வேறு அறை கேளுங்கள். செக்யூரிட்டி அண்ணன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து “பேரு, டிபார்ட்மென்ட், என்ன வேலையா வந்தீங்க” என்று எழுத வைக்கக் கூடாது. அப்புறம் டீ. விருந்தோம்பல் குழு அனுப்பும் தம்பி மணிக்கொரு தரம் கதவைத் திறந்து “சுகர் போடலாமாங்க?” என்று கேட்பான். உள்ளே ஒருவர் அழுதுகொண்டிருப்பார். ஒரு பிளாஸ்க்கும் தண்ணீர் பாட்டில்களும் காலையிலேயே உள்ளே வைத்துவிடுங்கள், சோலி முடிந்தது.

தொலைபேசிக்குத் தனி சிம். மின்னஞ்சல் சங்கத்தின் தளத்திலோ கல்லூரித் தளத்திலோ இருக்கக் கூடாது, அதன் நிர்வாகியால் எட்டிப் பார்க்க முடியும். மாநாட்டு வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

இப்போது அந்த இரண்டு விதிவிலக்குகள். யாருடைய உயிருக்காவது உடனடி ஆபத்து என்றால் ஆம்பட்ஸ் பேசித்தான் ஆக வேண்டும். இரண்டாவது, 18 வயது நிரம்பாதவர் மீதான பாலியல் குற்றம். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு, தெரிந்தவர் எவராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் அதுவே குற்றம். மாநாட்டில் ஏது குழந்தைகள் என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். பேட்ஜ் மாட்டிக்கொண்டு மைக் தூக்கி ஓடுகிற முதலாண்டுத் தன்னார்வலர்களில் 17 வயதுக்காரர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

நீதிமன்றம் அழைத்தால் என்ன செய்வது என்பது தனிச் சங்கடம். நம் சாட்சியச் சட்டம் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதையும், கணவன் மனைவி தமக்குள் பேசியதையும் பாதுகாக்கிறது. ஆம்பட்ஸுக்கு அப்படி ஒரு கவசம் அதில் இல்லை. அமெரிக்காவிலேயே 1997-இல் மக்டானல் டக்ளஸ் நிறுவன வழக்கில் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சலுகையைத் தர மறுத்துவிட்டது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பெயர் எழுதுவதில்லை, எழுதிய துண்டுச் சீட்டையும் அன்றன்றைக்கே கிழித்துவிடுகிறார்கள். “நூறு சதவீத ரகசியம்” என்று மாநாட்டுக் கையேட்டில் அச்சிடாதீர்கள். “சட்டம் அனுமதிக்கும் வரை” என்பதே உண்மை.

இவற்றை ஒரு பக்கக் கடிதமாக எழுதி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுங்கள். பெயர் கேட்கமாட்டோம், சங்கத்தின் எந்த விசாரணைக்கும் அவரைச் சாட்சியாகக் கூப்பிடமாட்டோம், அவரிடம் போனார் என்பதற்காக யாரையும் பழிவாங்கமாட்டோம், பேசிய சம்பளத்தை எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் கொடுப்போம். சம்பளம் என்றதும் பொருளாளர் முகம் சுளிப்பார். மேடையில் போர்த்தும் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகிற செலவை அவர் முன்னால் வையுங்கள்.

மாநாடு முடிந்ததும் அவர் ஓர் அறிக்கை தருவார். அதில் ஆட்கள் இருக்கமாட்டார்கள், போக்குகள் மட்டும் இருக்கும். “விருந்துக்குப் பின் விடுதிக்குத் திரும்ப வண்டி இல்லாதது பலருக்குச் சிரமம்” என்பது மாதிரி. வந்தவர்கள் 5 பேருக்கும் குறைவு என்றால் அந்தப் போக்குகளும் வேண்டாம், “சிலர் வந்தார்கள்” என்று எழுதினால் போதும். யாருமே வரவில்லை என்றால் ஏற்பாடு தோற்றது என்று அர்த்தமில்லை. முதல் வருடம் மாணவர்கள் ஆழம் பார்ப்பார்கள்.

தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் அவசரத்தில் இதை ஓரமாக அறிவிக்காமல், மதிய உணவுக்கு முந்தைய அமர்வில் ஆம்பட்ஸே எழுந்து ஒரு நிமிடம் பேசட்டும். முகம் தெரிந்தால்தான் ஆள் வரும். அவருடைய எண்ணை அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சிடுங்கள். மாநாடு முடிந்து ஒரு மாதம் வரை அந்த எண் வேலை செய்ய வேண்டும், ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் பலருக்குப் பேசத் துணிவு வருகிறது. அதற்கப்புறம் சிம்மை அவரே ரத்து செய்யட்டும். காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று அடுத்த வருட வரவேற்புக் குழுவிடம் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.