கரிசல் மண்ணில் தோட்டத் தளம்: அடியில் என்ன போட வேண்டும்?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் மண்ணில் வீடு. தோட்டத்தில் உட்கார 12க்கு 10 அடியில் போட்ட சிமெண்ட் தளம் இரண்டே வருடத்தில் வெடித்து, நடுவில் மேடாகி, ஓரம் இறங்கிவிட்டது. அதைப் பெயர்த்துவிட்டு பேவர் பிளாக் போடலாம் என்றிருக்கிறோம். அடித்தளம் எப்படி அமைப்பது?

பதில்: உங்கள் தளத்தை உடைத்தது பாரம் இல்லை, ஈரம். கரிசல் ஐப்பசி மழையில் உப்பும், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். தளத்தின் நடுவில் ஈரம் அடைபட்டு நிற்க, ஓரம் மட்டும் காய்ந்து சுருங்கியதால்தான் இந்த மேடு. கனமான கான்கிரீட் போட்டாலும் இது தீராது. மண்ணின் ஈரம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதே வழி.

தை, மாசியில் வேலையைத் தொடங்குங்கள். கோடையில் வெடிப்போடு கிடக்கும் மண்மீது தளம் போட்டால், அடுத்த மழையில் அது மொத்தமாகத் தூக்கிவிடும். குழியின் அடிமண்ணை ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அதுதான் சரியான பதம்.

நான்கு பக்கமும் ஒரு அடி கூட்டி 14க்கு 12 அடியில், 15 அங்குல ஆழம் தோண்டுங்கள். குழியின் அடியே வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு 2 அங்குலம் சரிய வேண்டும். அடிமண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். கரிசல் மேலேறி, மேலே போடும் அடுக்குகளில் கலப்பதை அது தடுக்கும்.

அடுத்து, எல்லாவற்றிலும் முக்கியமான கிராவல் மண், அதாவது சிறுகல் கலந்த செம்மண். இறுக்கிய பின் 9 அங்குலம் நிற்க வேண்டும்; இறுக்கும் முன் உதிரியாகச் சுமார் 160 கன அடி பிடிக்கும். 4 அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் கொட்டாதீர்கள். ஒவ்வொரு அடுக்கையும் லேசாக நனைத்து ராம்மரால் இறுக்குங்கள். செலவைக் குறைக்க இந்த இடத்தில் வெறும் மணலை நிரப்புவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள்! கரிசல் குழியில் மணல் தண்ணீர்த் தொட்டிபோல் ஈரத்தைத் தேக்கி, அடிமண்ணை ஊறவைக்கும். தோண்டிய கரிசலையும் திரும்பப் போடக் கூடாது. அது செடிகளுக்குப் போகட்டும்.

கிராவல் மேல் 4 அங்குலம் வெட் மிக்ஸ் ஜல்லி (ஜல்லியும் கல்தூளும் தண்ணீர் விட்டுக் கலந்தது), உதிரியாகச் சுமார் 70 கன அடி. அதன்மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட், பிறகு 60 மில்லிமீட்டர் பிளாக். சரிவு மேல்வரை அதே அளவில் வரட்டும். தளம் தோட்ட மண்ணைவிட 2 அங்குலம் உயர்ந்து நிற்கும். ஆனால் வீட்டின் தரைமட்டத்துக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். நான்கு ஓரமும் கான்கிரீட் கெர்ப் (ஓரத் தடுப்பு) கட்டாவிட்டால் பிளாக் நகர்ந்து இடைவெளி விடும். எம்-சாண்டில் சிமெண்ட் கலக்க வேண்டாம். எங்காவது இறங்கினால் பத்து பிளாக்கைப் பெயர்த்து, மணல் தூவி, திரும்பப் பதித்துவிடலாம்.

மொட்டைமாடி மழைக்குழாயின் வாய் தளத்தின் அருகே விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் குழாயை நீட்டி வெளியே விடுங்கள். பக்கத்தில் வேப்பமரம் நின்றால் தளத்தை அதிலிருந்து தள்ளி அமையுங்கள். கோடையில் அதன் வேர் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்ச, அந்தப் பக்கம் மட்டும் தளம் இறங்கும்.