ஆயிரத்துக்கு 127-ஆ, 4-ஆ?

கேள்வி: சின்ன வயசுல பாலியல் தொல்லைக்கு ஆளானவங்கன்னு ஒரு சர்வே பெரிய நம்பர் சொல்லுது, இன்னொண்ணு ஆயிரத்துல நாலு பேர்ங்குது. ஊதிப் பெருசாக்குறாங்களா சார்?

பதில்: ரெண்டுமே நிஜமான நம்பர்தாங்க, யாரைக் கேட்டாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு. 1980லேர்ந்து 2008 வரைக்கும் பல நாட்டுல வந்த 217 ஆய்வுக் கட்டுரைங்கள நெதர்லாந்துக்காரங்க ஒண்ணா அள்ளிப்போட்டு 2011ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. உங்களுக்கு நடந்துச்சான்னு நேரா ஆளுங்ககிட்டயே கேட்ட ஆய்வுகள்ல ஆயிரத்துக்கு 127, அதுவே அதிகாரிங்க, டாக்டருங்கன்னு மத்தவங்க காதுக்கு வந்ததை மட்டும் எண்ணினா ஆயிரத்துக்கு 4. முப்பது மடங்கு! இந்த வித்தியாசத்துக்கு ஒரு பெரிய காரணம், நிறைய பேர் வெளியில வாயைத் திறக்கிறதே இல்ல.

கேள்வியை எப்படிக் கேக்குறாங்கங்கிறதும் இருக்கு. "உங்களுக்கு வன்கொடுமை நடந்ததா"ன்னு கேட்டா இல்லன்னு தலையாட்டுற ஆளே, "உங்களுக்குப் பிடிக்காம யாராவது தொட்டாங்களா, தொடச் சொன்னாங்களா"ன்னு கேட்டா கொஞ்சம் யோசிச்சிட்டு ஆமான்னு சொல்லுவாங்க. தெரிஞ்ச மாமாவோ அண்ணனோ செஞ்சதுக்கு அவ்வளவு பெரிய பேர் வைக்க மனசு வராது பாருங்க. ஆம்பளப் பசங்களுக்கு இது இன்னும் கஷ்டம். யுனிசெஃப் 2024ல சொன்ன கணக்குப்படி 18 வயசுக்கு முன்னாடி பலாத்காரமோ பாலியல் தாக்குதலோ நடந்தது பெண்கள்ல எட்டுல ஒருத்தருக்கு, ஆண்கள்ல பதினொண்ணுல ஒருத்தருக்கு, ஆம்பளப் பசங்களுக்கு இதெல்லாம் நடக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: எனக்கு எட்டு வயசுல நடந்துச்சு. பாதிப்புகளைப் பத்தி படிக்கிறப்பல்லாம் என் வாழ்க்கையே போச்சோன்னு பயமா இருக்கு.

பதில்: போகலங்க. மனச்சோர்வு, தூக்கமின்மை, குடி, தற்கொலை எண்ணம்னு லிஸ்ட் நீளமாத்தான் இருக்கும், ஆனா அதெல்லாம் கூட்டத்தோட சராசரி, உங்க ஜாதகம் இல்ல. பாதிக்கப்பட்ட குழந்தைங்களப் பத்தின 45 ஆய்வுகளை 1993ல அலசினப்போ மூணுல ஒரு பங்கு குழந்தைங்ககிட்ட எந்த அறிகுறியுமே தெரியல, அம்மா நம்பி கூட நின்ன குழந்தைங்க சீக்கிரமா தேறினதும் அதுல இருக்கு. (அறிகுறி இல்லன்னா நடக்கவே இல்லன்னு சிலர் இதையே திருப்பிப் பேசுவாங்க, அது வேற எரிச்சல்.) தூக்கம் கெடுற அளவுக்குப் பயம் இருந்தா ஒரு கவுன்சிலரைப் பாருங்க. முதல்ல போற ஆளு "ஏன் அப்பவே சொல்லல"ன்னு கேட்டா, அடுத்த ஆளைப் பாருங்க.