தெளிஞ்ச தண்ணி எல்லாம் குடிக்கிற தண்ணி இல்ல

கேள்வி: தேவகோட்டை பக்கம் கிராமம் டாக்டர். லீவுக்கு வந்த புள்ளைங்க ரெண்டு பேருக்கும் வயித்துப்போக்கு. அப்பத்தா ஊருணித் தண்ணியில தேத்தாங்கொட்டை உரசி, தெளியவச்சு அப்படியே குடிக்க குடுக்குறாங்க. ஆர்ஓ மெஷின் வாங்கிடலாமா?

பதில்: முதல்ல புள்ளைங்கள கவனிங்கம்மா. கொதிச்சு ஆறுன தண்ணியில ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரை) பவுடர் கலக்கி கொஞ்சம் கொஞ்சமா குடுத்துக்கிட்டே இருங்க, ஜிங்க் மாத்திரை 14 நாள், போக்கு நின்னாலும் நிறுத்தக்கூடாது. ரத்தம் போனாலோ ஒண்ணுக்குப் போகாம துவண்டு கெடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருங்க.

அப்பத்தா செய்யறது தப்பே இல்ல. பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய உரசுனா கலங்கல் அடியில போய் படிஞ்சிரும், படிகாரமும் இதே வேலையத்தான் செய்யுது. ஆனா கிருமி சாகாது, அதுக்கப்புறம் செய்யவேண்டியத செய்யல, அதான் விஷயம். மேல நிக்கிற தண்ணிய இறுத்து, துணியில வடிகட்டி கொதிக்க வைங்க, ஓரத்துல சின்னச் சின்ன குமிழி வந்ததுமே அடுப்ப அணைச்சுடாதீங்க, தளதளன்னு புரண்டு ஒரு நிமிஷம் கொதிக்கணும்.

படைப்பு (வீட்டுப் படையல்), கல்யாணம்னு வீடு நிறைய ஆளு கூடுற நாள்ல அம்புட்டுத் தண்ணியும் காய்ச்ச முடியாது, அப்ப பிளீச்சிங் பவுடர் போடலாம். 1000 லிட்டருக்கு 2.5 கிராம், வாளியில கரைச்சு சுண்ணாம்பு அடியில தங்குனதும் தெளிவ மட்டும் ஊத்தி ஒரு மணி நேரம் விடுங்க. மூடாம கெடந்த பழைய பவுடர்ல குளோரின் போயிருக்கும், புதுசா வாங்குங்க. கலங்கல் தண்ணியில குளோரின் சரியா வேலை செய்யாது, அதனால அப்பத்தா கொட்டைக்கு இங்கயும் வேலை இருக்கு.

ஆர்ஓ முக்கியமா உப்புக்கு. ஊருணியில நிக்கிறது மழைத்தண்ணி, பெரும்பாலும் உப்பு கம்மியாத்தான் இருக்கும், மெஷின் வச்சா பாதித் தண்ணிக்கு மேல வீணாப் போகும். போர் தண்ணின்னா கதை வேற, காய்ச்சுனா உப்பும் ஃபுளோரைடும் போகாது, குடிநீர் வடிகால் வாரிய லேப்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணியே இல்லாத ஊருக்கு 2000 வரைக்கும் விட்டிருக்காங்க.

இன்னொண்ணு, இதுலதான் நெறைய வீட்ல கோட்டை விடுறாங்க. நான் போன ஒரு வீட்ல அருமையா காய்ச்சி ஆறவச்சு, குடத்த சேலைத் தலைப்பால தொடைச்சு ஊத்துனாங்க, வெளையாடிட்டு வந்த பய டம்ளரோட நாலு விரலையும் உள்ள முக்கி மோந்து குடிச்சான். காய்ச்சுனது அத்தனையும் வீண். குழாய் வச்ச பாத்திரம் வாங்குங்க, இல்ல நீளக் காம்பு அகப்பை ஒண்ணு தனியா தொங்கவிடுங்க. ஆர்ஓவுக்கு எடுத்து வச்ச காசுல இது பத்துல ஒரு பங்குகூட ஆகாது.