வாசகர் கேள்வி – பதில்: கூடாரத்தில் சமையல்

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறையில் குச்சவெளியில் உறவினர் காணியில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கப் போகிறோம். பெரியவர்கள் 2, பிள்ளைகள் 3. சாமான் எவ்வளவு வேண்டும்? பாற்கறி பழுதாகிவிடுமோ என்று பயமாயிருக்கிறது.
– வாசகி, உவர்மலை

பதில்: பயம் நியாயமானதுதான். அந்த வெயிலுக்குத் தேங்காய்ப்பால் விட்ட கறி காலையில் வைத்தால் பின்னேரத்துக்குள் நுரைத்துவிடும். தேங்காய்ப்பால் மா கொண்டுபோய், அந்தந்த வேளைக்குத் தேவையானதை மட்டும் கரையுங்கள். சம்பலுக்கு முழுத் தேங்காயும் திருவலையும் போதும். வீட்டிலேயே திருவிய பூ வழியிலேயே புளிக்கும்.

எது முதலில் பழுதாகுமோ அதை முதலில் சமையுங்கள். முதல் இரவு சோறும் கோழியும். கோழி ஒரு கிலோவை உப்பு, தூள், இஞ்சி, உள்ளி போட்டுப் பிரட்டி, பையில் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். உருண்டையாக உறைந்தால் வெளியே வெந்து நடுவில் பச்சையாகவே நிற்கும். மறுநாள் காலை ரொட்டி, கட்டைச் சம்பல். மத்தியானம் சோறு, பருப்பு, முட்டைப் பொரியல். இரவு புட்டும் நெத்தலிக் கருவாட்டுப் பொரியலும். மாவை வீட்டிலேயே வறுத்தெடுங்கள். கடைசிக் காலைக்கு அவல், வாழைப்பழம், சீனி. சாமான் கட்டும் நேரத்தில் அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராது.

அரிசி ஒரு வேளைக்குப் பெரியவருக்கு 150 கிராம், பிள்ளைக்கு 100. இரண்டு வேளைக்கு 1 கிலோ 200 கிராம். ரொட்டிக்குக் கோதுமை மா அரைக் கிலோ, பருப்பு 300 கிராம். குடிக்கவும் சமைக்கவும் 50 லீற்றர் நல்ல தண்ணீர் ஏற்றுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு லேசில் அவியாது. அது சட்டி கழுவத்தான் சரி.

றெஜிபோம் பெட்டி இரண்டு வேண்டும். பிள்ளைகள் குளிர்பானத்துக்குத் திறந்து திறந்து மூடும் பெட்டியில் இறைச்சியை வைக்கக் கூடாது. தூள் ஐஸ் விரைவில் கரையும். தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து அடுக்குங்கள். இறைச்சிப் பொதி எப்போதும் அடியில்.

கேள்வி: கச்சான் காற்றில் காஸ் அடுப்பு அணைந்துபோகிறது. சுற்றிவரத் தகரம் வைத்து மறைக்கலாமா?
– வாசகர், நிலாவெளி

பதில்: கூடவே கூடாது. ரின் பொருத்தும் சிறிய அடுப்பைச் சுற்றி அடைத்தால் ரின் சூடேறி, உள்ளே அமுக்கம் கூடி வெடிக்கலாம். காற்று வரும் பக்கம் மட்டும், ஒரு முழம் தள்ளி மறையுங்கள். ரின்னுக்கு மேலே நீளும் அகலச் சட்டியும் அதே ஆபத்துத்தான். கூடாரத்துக்குள் அடுப்பைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கேள்வி: இரவு மிஞ்சிய சோற்றைக் காலையில் பிரட்டிக் கொடுக்கலாமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: வெளியே கிடந்த சோறு என்றால் வேண்டாம். அதில் பெருகும் ஒருவகைப் பக்டீரியா விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது, வாந்திதான் மிஞ்சும்.