நகராத புள்ளி

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாரைகளின் முதுகில் கருவி பொருத்தி அவற்றின் வலசையைப் பின்தொடர்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஜூலையில் அனிமல் டிராக்கர் செயலியை இறக்கிக்கொண்டேன். கிழக்கு ஜெர்மனியில் ஒரு கூட்டில் இந்த வருஷம் பொரித்த குஞ்சு ஒன்றை நானும் மகளும் தேர்ந்தெடுத்தோம். அவள் ஆறாம் வகுப்பு. செயலியில் இருக்கும் பெயர் வாயில் நுழையவில்லை என்று 'பவளம்' என்று பெயர் வைத்துவிட்டாள். படம்கூட வரைந்து அலகுக்கும் காலுக்கும் சிவப்பு அடித்து அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

ஆகஸ்ட் நடுவில் பவளம் கிளம்பியது. பல்கேரியா, துருக்கி, இஸ்ரேல், எகிப்து என்று தினமும் பள்ளிக்குப் போகும் முன் பார்ப்போம். செப்டம்பர் நடுவில் சாட் நாட்டுக்குள் போனது. அதோடு நின்றுவிட்டது. மூன்று வாரமாக அதே இடம். நடுவில் ஆறு நாள் தகவலே இல்லை, பிறகு வந்தது, ஆனால் அதே இடம்தான். வரைபடத்தில் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் மண் நிறம்.

இரண்டு நாளாக மகள் செயலியைத் திறப்பதில்லை. "செத்துப்போச்சாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் மாமனாரோ, "வாயில்லா ஜீவன் முதுகுல மிஷினைக் கட்டிவிட்டு வேடிக்கை பாக்குறீங்களே, பாவமில்லையா?" என்கிறார். அவருக்கும் என்னிடம் பதில் இல்லை.

கலைச்செல்வி
திண்டுக்கல்

*

அன்புள்ள கலைச்செல்வி,

மகளின் கேள்விக்கு முதலில் வருகிறேன். பவளம் உயிரோடு இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன்: நடுவில் ஆறு நாள் தகவல் இல்லை, பிறகு வந்தது.

அதன் முதுகில் இருக்கும் கருவி, தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள்களை வைத்துக் குறித்துக்கொள்கிறது. குறித்ததை அனுப்புவது பெரும்பாலும் நம் கைப்பேசியைப் போலத்தான். பக்கத்தில் டவர் இருந்தால் அனுப்பும், இல்லையென்றால் உள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். சாட்டின் புல்வெளிகளில் டவர் எங்கோ ஒன்றுதான். இறந்த பறவை ஒரே இடத்தில் கிடக்கும். அங்கே டவர் எட்டினால் பெரும்பாலும் தகவல் விடாமல் வரும், எட்டாவிட்டால் ஒரேயடியாக நின்றுபோகும். விட்டுவிட்டு வருகிறது என்றால், டவர் எட்டும் இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் அது போய்வந்துகொண்டிருக்கிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் ஏன் நகரவில்லை? ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் பறந்த பறவையை ஒரு மாதமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பத்து கிலோமீட்டர் நடமாட்டம் தெரியாது. திரையில் இரண்டு விரலை வைத்து விரித்துக்கொண்டே போங்கள். ஒரு புள்ளி பல புள்ளிகளாகப் பிரியும். ராத்திரிப் புள்ளிகள் ஓரிரு இடங்களில் குவிந்திருந்தால் அங்கே அது அடையும் மரம் இருக்கிறது. பகல் புள்ளிகள் சுற்றிலும் சிதறிக் கிடந்தால் அது மேய்கிறது. எவ்வளவு விரித்தாலும் பகலும் இரவும் ஒன்றன்மேல் ஒன்றாகவே கிடந்தால் மட்டும்தான் கவலைப்பட வேண்டும். நான் பின்தொடர்ந்த முதல் நாரையை அப்படித்தான் பார்த்தேன். அது சினாய் பாலைவனத்தையே தாண்டவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நீங்கள் "ஒன்றுமே இல்லை" என்று எழுதிய அந்த மண் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் படங்களை மேகம் இல்லாத வறண்ட மாதங்களில் எடுத்தவற்றிலிருந்துதான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். பவளம் போய் இறங்கிய செப்டம்பரில் அந்த இடம் அப்படி இருக்காது. சஹாராவுக்குத் தெற்கே கிழக்கு மேற்காக ஓடும் அந்தப் பட்டைக்கு சாஹேல் என்று பெயர். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மழை ஓயும் நேரத்தில் புல் இடுப்பளவு நிற்கும், புல்லுக்குள் வெட்டுக்கிளியும் தத்துக்கிளியும் கொழுத்துக் கிடக்கும். சஹாராவைக் கடந்து எலும்பும் தோலுமாக வந்த பறவைக்கு அதுதான் பந்தி. நிலம் காயும்வரை அங்கேயே தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். நவம்பர் வாக்கில்தான் பல நாரைகள் மறுபடி கிளம்பி கென்யா, தான்சானியா வழியாகத் தெற்கே போகின்றன, சில தென்னாப்பிரிக்கா வரை. தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் பேசுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'பெரிய வெட்டுக்கிளிப் பறவை' என்றுதான் பொருள்படும். ஆக, மூன்று வாரம் ஒரே இடத்தில் நிற்பது ஒரு நாரை அந்த மாதத்தில் செய்யக்கூடிய மிகச் சரியான காரியம்.

அந்த மண் நிறத்தில் ஊர்கள் இருக்கின்றன. மக்கள் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள். உங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள்: நம் கம்பு சாஹேலில்தான் முதன்முதலில் பயிரானது, சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கிருந்துதான் இந்தியாவுக்கு வந்தது. நாரை இப்போது பூச்சி பொறுக்குவது அந்தக் கம்பங்கொல்லைகளின் ஓரத்தில். சூடானில் 2023 ஏப்ரலில் போர் தொடங்கியபின் டார்ஃபூரிலிருந்து பல லட்சம் பேர் எல்லை தாண்டிக் கிழக்கு சாட்டுக்குள் வந்து கூடாரங்களில் கிடக்கிறார்கள். எகிப்திலிருந்து சூடான் வழியாக சாட்டுக்குள் நுழையும் நாரைகள் அந்தப் பக்கம்தான் வருகின்றன. நம் திரையில் நாரையின் கோடு மட்டும் தெரிகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று உங்கள் மகள் ஒரு நாள் தேடிப் படித்தால், அவள் பவளத்தைப் பின்தொடர்ந்ததற்கு அதைவிடப் பெரிய பலன் இல்லை என்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இளம் நாரைகளில் பாதிக்கும் மேல் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. மின்கம்பி, வேட்டை, பசி, கடல்மேல் வழிதவறுவது எனப் பல காரணம். சாஹேலில் நாரையைப் பிடித்துத் தின்பதும் உண்டு. மழை பொய்த்த வருஷத்தில் பசித்த வீட்டுக்கு மூன்று கிலோ பறவை என்ன என்பது நமக்குப் புரியாததல்ல. மகள் மறுபடி கேட்டால் "சாகாதும்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு உண்மையைத் தாங்கத் தெரியும்.

இனி மாமனார். அவர் கேட்டதை நான் தள்ளிவிட மாட்டேன். முதலில் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று சொல்கிறேன். குஞ்சுக்கு ஆறேழு வாரம் ஆகும்போது, பறக்கத் தொடங்கும் முன், ஏணி வைத்துக் கூட்டுக்கு ஏறுகிறார்கள். நாரைக் குஞ்சுகளுக்கு ஒரு பழக்கம்: ஆபத்து என்று பட்டால் கழுத்தைத் தொங்கப் போட்டு, கண் அசையாமல், செத்ததுபோல் படுத்துவிடும். நாலு குஞ்சும் வரிசையாகப் பிணம்போல் கிடக்கும். தாய் வந்து இறங்கும்வரை அசையாது. அந்தக் கிடையிலேயே இரண்டு சிறகுக்கும் அடியில் பட்டையை விட்டு, பிள்ளைகள் புத்தகப்பை மாட்டுவதுபோல் முதுகில் கட்டிவிடுகிறார்கள். கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக்கூடாது என்பது ஆய்வாளர்களிடையே உள்ள வரம்பு. இப்போதைய கருவிகள் ஏறத்தாழ ஒரு கோழிமுட்டையின் எடைதான். மேலே ஒரு சூரியத் தகடு இருக்கும், மின்கலம் அதிலேயே ஏறிக்கொள்ளும்.

இதெல்லாம் சொன்னாலும் பாரம் பாரம்தான். 2013-இல் எகிப்தின் கெனா மாகாணத்தில் ஒரு நாரையை, முதுகில் இருந்த கருவியைப் பார்த்து உளவுப் பறவை என்று சந்தேகப்பட்டுப் பிடித்து காவல் நிலையத்தில் அடைத்தார்கள். வலசை ஆய்வுக்கான கருவிதான் என்று தெரிந்து விடுவித்தார்கள். விடுவித்த சில நாளில் யாரோ அதைக் கொன்று தின்றுவிட்டார்கள். மாமனார் அறிந்தால் "நான் சொல்லலையா" என்பார். சொல்லட்டும்.

ஆனாலும் நான் கருவியின் பக்கம்தான் நிற்கிறேன். கருவிக்கு முன்னால் நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதுதான் காரணம். 1822-இல் வட ஜெர்மனியில் க்ளூட்ஸ் என்ற ஊர்ப்பக்கம் ஒரு நாரையைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் கழுத்தில் ஓர் ஈட்டி குத்தி நின்றது, கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் நீளம், மத்திய ஆப்பிரிக்க மரம். கழுத்தில் ஈட்டியோடு சஹாராவையும் தாண்டி ஊர் திரும்பியிருக்கிறது! பாடம் செய்த அந்த உடல் இன்றும் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நாரைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பதற்கு அன்று கிடைத்த சாட்சி, காயம்பட்ட ஓர் உடல். பிறகு 1900களின் தொடக்கத்தில் பால்டிக் கரையின் ரோசிட்டனில் யோஹானஸ் தீனெமான் நாரைகளுக்குக் கால்வளையம் போடத் தொடங்கினார். வளையம் இரண்டு இடங்களைச் சொல்லும்: பிறந்த இடம், யாரோ கண்டெடுத்த இடம். கண்டெடுத்தது பெரும்பாலும் பிணத்தை. நடுவில் அந்தப் பறவை வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் இருட்டு.

அந்த இருட்டில் வெளிச்சம் விழுந்தது 1991-க்குப் பிறகு. ஜெர்மனியின் ராடோல்ஃப்செல் பறவை ஆய்வு நிலையத்தின் பேட்டர் பெர்தோல்ட் நாரைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார். அவற்றில் ஒன்று, லோபுர்க் ஊர்க்காரி, பெயர் பிரின்செஸ்ஷென், குட்டி இளவரசி. 1994 முதல் 2006 டிசம்பர் வரை, தென்னாப்பிரிக்காவில் அது சாகும்வரை, பன்னிரண்டு வருஷம் அதன் பயணங்கள் கணக்கில் உள்ளன. அதுவரை நாரைக்கு வடக்கே ஒரு வீடு, தெற்கே ஒரு வீடு என்று நினைத்திருந்தார்கள். குட்டி இளவரசியோ ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்துக்கு ஒரே இடத்துக்குப் போகவில்லை. எங்கே மழை பெய்ததோ, எங்கே இரை இருந்ததோ அங்கே போய் நின்றது.

எனக்கு மிகவும் பிடித்தது 2018-இல் ஆந்த்ரேயா ஃப்ளாக்கும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு. ஒரே கூட்டமாகக் கிளம்பிய 27 இளம் நாரைகளின் ஒவ்வொரு அசைவையும் பதிந்தார்கள். நாரை சிறகடித்துத் தூரம் போகும் பறவை இல்லை. வெயிலில் தரை சூடாகி மேலெழும் காற்றில் ஏறி, வட்டமிட்டு உயர்ந்து, சிறகை விரித்தபடி அடுத்த காற்றுக்குச் சறுக்கிப் போகும். கடல்மேல் அந்தக் காற்று எழாது. அதனால்தான் பவளம் மத்தியதரைக் கடலைச் சுற்றிக்கொண்டு துருக்கி வழியாகப் போனது. அந்த 27-இல் சில பறவைகள் காற்று எழும் இடத்தைத் தாங்களே தேடிப் பிடித்தன. மற்றவை பின்னால் போயின. பின்னால் போனவை காற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்கி, கூட்டத்தை எட்டிப்பிடிக்க அதிகம் சிறகடித்தன. கிளம்பிய முதல் சில நிமிடங்களில் யார் எவ்வளவு சிறகடிக்கிறார்கள் என்பதை வைத்தே யார் ஆப்பிரிக்கா வரை போவார்கள், யார் ஐரோப்பாவிலேயே நின்றுவிடுவார்கள் என்று பெருமளவு சொல்ல முடிந்தது. அந்தக் கூட்டம் போனது மேற்கே ஸ்பெயின் வழியில். அதிகம் சிறகடித்தவை ஸ்பெயினோடு நின்றன. பவளம் சாட் வரை போயிருக்கிறது என்றால், அதற்குக் காற்றைப் படிக்கத் தெரியும்.

நமக்கு நெருக்கமான சேதியும் இந்தக் கருவிகளிலிருந்து வந்ததுதான். குளிரில் வாடிய புலவர் ஒருவர் தன் மனைவிக்குச் செங்கால் நாரையைத் தூதுவிட்ட பாட்டை நாமெல்லாம் பள்ளியில் படித்தோம். பவளமும் அதே இனம். ஆனால் இந்தியாவுக்கு வலசை வருபவை பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வருவதில்லை, முக்கியமாக மத்திய ஆசியாவிலிருந்து வருபவை. எட்டு நாடுகளின் இளம் நாரைகளை ஒப்பிட்டு 2016-இல் வந்த ஆய்வில், உஸ்பெகிஸ்தான் குஞ்சுகள் எங்கும் கிளம்பவே இல்லை. அங்கே மீன் பண்ணைகள் இருக்கின்றன, குளிரிலும் இரை கிடைக்கிறது, அங்கேயே தங்கிவிட்டன. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏதோ உறவு விட்டுப்போனதுபோல் இருந்தது.

மாமனாருக்கு என் பதில் இதுதான்: முதுகில் பாரம் ஏற்றியவர்களுக்குக் கடன் இருக்கிறது. எந்த மின்கம்பத்தில் நாரை விழுகிறது, எந்தச் சதுப்பை நம்பி வாழ்கிறது என்பதைக் கருவி காட்டிக்கொடுத்தபின், கம்பத்துக்கு உறை போடாமலும் சதுப்பைத் தூர்த்துக்கொண்டும் இருந்தால் அவர் சொல்வதுபோல் அது பாவம்தான்.

கடைசியாக மகளுக்கு. கதவில் இருக்கும் படத்தில் இரண்டு திருத்தம். பவளம் இன்னும் சின்னது, அலகு முழுச் சிவப்பாகியிருக்காது, நுனி கருத்திருக்கும். இன்னொன்று கால். வெயில் ஏறினால் நாரை தன் கால்மேலேயே நீர்த்த எச்சத்தைப் பீய்ச்சிக்கொள்ளும். அது காயக் காயக் கால் குளிரும். சாட் வெயிலில் இதைப் பலமுறை செய்து, கால் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். இந்த எச்சம் இறுகிக் காலைப் பிடித்துவிடக்கூடாது என்றுதான் வளையத்தைக்கூட இப்போது முட்டிக்கு மேலே போடுகிறார்கள். அதனால் சிவப்பு ஸ்கெட்சை நவம்பர்வரை மூடி வைக்கச் சொல்லுங்கள். இன்றைய தேதிக்கு அதன் கால் வெள்ளை.