ரெஜிஸ்தர் ஆச்சு, கல்யாணம் ஆகல

கோலாலம்பூர் நீதிமன்றங்களில் 27 ஆண்டுகள் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த வாரக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: என் மகள் ஆசிரியை, மிரியில் வேலை. கணவர் இருக்கும் ஊருக்கு மாற்றல் கேட்கலாமே என்று, நிச்சயம் முடிந்த கையோடு பதிவுத் துறையில் ரெஜிஸ்தர் செய்தோம். 14 மாதம் ஆகிறது. தை பிறந்ததும் தாலி கட்டலாம் என்று மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. இப்போது மாப்பிள்ளை வீட்டார், "தாலியே கட்டல, ஒண்ணும் ஆயிடல, விட்டுடுவோம்" என்கிறார்கள். பெண்ணுக்கு வேறு நல்ல வரன் வந்திருக்கிறது. ரெஜிஸ்தரைக் கேன்சல் செய்ய எந்த ஆபீசுக்குப் போக வேண்டும்? "புது மாப்பிள்ளையோட கோயில்ல தாலியக் கட்டிடுவோம், பேப்பர அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறான் என் தம்பி.
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: முதலில் உங்கள் தம்பியைப் பிடித்து உட்கார வையுங்கள். அவர் பேச்சைக் கேட்டால் குற்றவாளிக் கூண்டில் ஏறப்போவது உங்கள் மகள். முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஒரு திருமணம் சட்டப்படி நீடிக்கும்போது, சமய முறையிலோ வழக்க முறையிலோகூட இன்னொன்றைச் செய்துகொள்ளக் கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் தண்டனைச் சட்டம் 494ஆம் பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. வேடிக்கையைப் பாருங்கள்: பதிவில்லாமல் கட்டும் தாலி உங்கள் மகளை மனைவியாக்காது, குற்றவாளியாக மட்டும் ஆக்கிவிடும்.

கேன்சல் செய்ய ஆபீஸ் எதுவும் இல்லை, சகோதரி. பதிவுத் துறையில் போட்ட கையெழுத்தை உயர் நீதிமன்றம்தான் அழிக்க முடியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் ஒரு தாயார் சாட்சி சொன்னார்: "ரெஜிஸ்தர்தாங்க ஆச்சு, கல்யாணம் ஆகல." சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பதாகச் சத்தியம் செய்தவள் நான், அப்படியே சொன்னேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கல்யாணம் ஆகவில்லை என்றால் எதைப் பதிவு செய்தார்கள்? திரும்பக் கேளுங்கள்." கேட்டேன். அந்தம்மா என்னை அசடு மாதிரி பார்த்துவிட்டு அதையே இன்னும் மெதுவாகச் சொன்னார். தமிழர் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத வாக்கியம் அது. நீதிபதிக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நம் வீட்டில் பதிவு என்பது ஐசி, அதாவது அடையாள அட்டை, எடுப்பது மாதிரி ஒரு வேலை. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறார், பெண் அவள் வீட்டுக்கு. தாலி ஏறும்வரை அவள் "பெண்"தான். அரசாங்கத்துக்கோ அன்று காலையிலேயே அவள் மனைவி. அவன் மலாய்ப் பாரத்தில் 'சுவாமி'. கணவன் என்பதற்கு மலாய்க்காரர்கள் சொல்லும் சொல் நம் கோயிலில் நிற்கிறவரின் சொல்லேதான், சமஸ்கிருதத்திலிருந்து போனது. 'இக்குட் சுவாமி', கணவனோடு போகிறேன், என்று சொல்லித்தானே உங்கள் மகளும் மாற்றல் கேட்டிருப்பாள்!

மணவிலக்குக்கு மனுப் போடலாம் என்றால், திருமணமாகி 2 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். இரண்டு பேரும் சம்மதித்துப் போடும் கூட்டு மனுவுக்கும் அதே கணக்குதான். அதற்கு முன்பே தனியாகப் போடுவதென்றால், சாதாரணமாக யாருக்கும் வராத துன்பம் என்று நீதிபதியை நம்ப வைக்க வேண்டும், லேசான காரியமில்லை. தீர்ப்பு கிடைத்தாலும் அது முழுமையாக 3 மாதம் பொறுக்க வேண்டும்.

இன்னொரு வழி, திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்பது. அதற்கு இந்த 2 ஆண்டுக் காத்திருப்பு இல்லை. ஒருவர் வேண்டுமென்றே இல்லறத்துக்கு மறுத்ததால் தாம்பத்தியம் நடக்கவே இல்லை என்றால், மற்றவர் அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி மனுப் போடலாம். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு சீக்கியப் பெண்ணின் வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. பதிவு முடிந்தது, ஆனால் சமயச் சடங்குக்கு ஏற்பாடு செய்யக் கணவன் மறுத்துவிட்டான். சடங்கு முடியாமல் சேர்ந்து வாழ்வது அவர்கள் வழக்கமில்லை. அதனால் சடங்குக்கு மறுத்ததே இல்லறத்துக்கு மறுத்ததுதான் என்று நீதிமன்றம் திருமணத்தைச் செல்லாததாக்கியது. "தாலி கட்டல" என்று மாப்பிள்ளை வீட்டார் கையைக் கழுவுகிறார்களே, அதே பேச்சு உங்கள் மகளுக்கு வழக்காகலாம். ஆகுமா என்பதை வழக்கறிஞர்தான் பார்க்க வேண்டும். செலவுக்குக் கஷ்டம் என்றால் அரசாங்கச் சட்ட உதவித் துறை, 'ஜாபத்தான் பந்துவான் குவாமான்' இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

அந்த வழக்கறிஞர் உங்கள் மகளிடம் ஒன்றைத் தனியாகக் கேட்பார். இந்த 14 மாதத்தில் அவர்கள் இருவரும் எப்படிப் பழகினார்கள் என்று. நீங்கள் அப்போது அறைக்கு வெளியே இருங்கள். அவள் எதைச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து துருவாதீர்கள்.

புது வரன் வீட்டாரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுங்கள். 'புஜாங்', மணமாகாதவள், என்று சொல்லி மறைத்தால் பதிவுத் துறைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும். 'ஜண்டா', வாழாவெட்டி, என்று எவராவது வாயெடுத்தால், அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க வேண்டாம்.

மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சில கோயில்களில் குருக்களோ நிர்வாகியோ திருமண உதவிப் பதிவதிகாரியாக இருக்கிறார்கள். தாலியும் கையெழுத்தும் ஒரே காலையில் முடிந்துவிடும். என் மகளுக்கு அப்படித்தான் செய்தேன். "முன்னாடியே ரெஜிஸ்தர் பண்ணாம நம்பறது எப்படி" என்று சம்பந்தி இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

கேள்வி: அப்பா போன வருஷம் தவறிவிட்டார், உயில் இல்லை. 1974இல் கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம், சான்றிதழ் கிடையாது. அதனால் அம்மா சட்டப்படி மனைவியில்லை, வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்கிறார் சித்தப்பா. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 91 வயது, எங்களோடுதான் இருக்கிறார்.
– வாசகர், செராஸ்

பதில்: தம்பி, உங்கள் சித்தப்பா 1982 மார்ச்சுக்குப் பிந்திய சட்டத்தை 1974க்குக் கொண்டுபோகிறார். அந்தத் தேதிக்கு முன் வழக்கப்படி நடந்த திருமணம் செல்லும், பதிவானதாகவே சட்டம் அதை எடுத்துக்கொள்ளும். நடந்தது என்று காட்டினால் போதும். கல்யாணப் படம், உங்கள் பிறப்புப் பத்திரம், பந்தலில் சாப்பிட்டவர் ஒருவர் உயிரோடிருந்தால் அவர் வாக்குமூலம், எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வையுங்கள். தோட்டங்களை விட்டுச் சனங்கள் சிதறியதில் சாட்சி தேடுவதுதான் பெரும்பாடு.

பங்கு: 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம், 1997இல் திருத்தியபடி, அம்மாவுக்குக் கால், பாட்டிக்குக் கால், பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துப் பாதி. சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லை. பாட்டியின் பங்கு பாட்டிக்குப் பிறகு எங்கே போகும் என்பதைச் சித்தப்பா யோசித்திருப்பார், நீங்களும் யோசியுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு என் மகளைக் கொடுக்கலாம் என்று குடும்பத்தில் பேச்சு. அவளுக்கு 23. இந்த நாட்டில் இது செல்லாது என்கிறாள் பக்கத்து வீட்டுச் சீனத்தி. உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சீனத்திக்குச் செல்லாது, உங்களுக்குச் செல்லும். உடன்பிறந்தார் மகளை மணக்கக் கூடாது என்று சொல்லும் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் அதே 11ஆம் பிரிவு, இந்து வழக்கப்படி அக்காள், தங்கை மகளை மணப்பதற்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. அண்ணன் மகள் என்றால் முடியாது. நம் முறையை நன்றாகத் தெரிந்த யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்திருக்க வேண்டும். நெருங்கிய ரத்தம் என்பதால், நாள் குறிக்குமுன் டாக்டரைப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது.

இருவரும் மனமொப்பிச் சம்மதிக்காமல் பதிவதிகாரி திருமணத்தை நடத்தக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தில் தம்பியின் சம்பளம் இருக்கிறது, நகைக் கணக்கு இருக்கிறது, உங்கள் அம்மாவின் ஆசை இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொன்னாள்?