எரிச்சா எடை எங்க போகுது?

கேள்வி: விறகு எரிஞ்சா கைப்பிடி சாம்பல்தான் மிஞ்சுது, ஆனா லேப்ல மெக்னீசியம் நாடாவ எரிச்சப்ப எடை கூடிடுச்சு. அப்புறம் எப்படி நிறை மாறாதுன்னு புக்ல போட்டிருக்காங்க?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தென்காசி

பதில்: ரொம்ப நல்ல கேள்விம்மா. புக்ல இருக்கறது சரிதான், நீங்க கணக்குல சேக்காம விட்டது காத்த. 24 கிராம் மெக்னீசியம் காத்துல இருந்து 16 கிராம் ஆக்சிஜன எடுத்துக்கிட்டு 40 கிராம் வெள்ளைப் பொடியாகுது, பொடி அங்கயே தங்கிடறதால எடை கூடுது (திறந்து வச்சு எரிச்சா கொஞ்சம் வெள்ளைப் புகையா பறந்துடும், அதனாலதான் குருசிபிள்ங்கற சூடு தாங்கற சின்னக் கிண்ணத்துல வச்சு மூடிய லேசா தூக்கித் தூக்கி விடச் சொல்றாங்க). விறகுலயும் இதேதான் நடக்குது, ஆனா அதுல வர்றது வாயு, 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனோட சேந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடா மேல போயிடுது. சாம்பல், புகை, நீராவி எல்லாத்தையும் பிடிச்சு எடை போட முடிஞ்சா விறகவிட அதிகமாத்தான் இருக்கும்!

1774-ல பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் பண்ணதத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெள்ளீயத்த கண்ணாடிக் குடுவைல போட்டு வாய மூடி சீல் பண்ணி சூடாக்கினார், உள்ள அது பொடியாச்சு, ஆனா மொத்த எடை மாறல. திறந்ததும் வெளிக்காத்து உஸ்ஸுன்னு உள்ள பாஞ்சுது, அப்பதான் எடை ஏறுச்சு. அவருக்கு நூறு வருஷம் முன்னாடியே ராபர்ட் பாயில்ங்கற விஞ்ஞானி இத செஞ்சிருக்கார், ஆனா குடுவைய திறந்தப்புறம் எடை போட்டதால நெருப்புதான் கண்ணாடி வழியா உள்ள போய் எடைய கூட்டிடுச்சுன்னு நினைச்சுட்டார்.

கேள்வி: பேக்கிங் சோடா, வினிகர் ஊத்தின பாட்டில்ல பலூன் மாட்டி செஞ்சு காட்டினேன். வாயு வெளிய போகல, ஆனாலும் தராசு குறைச்சுக் காட்டுது, ஏன்?
– ஆசிரியை, ஈரோடு

பதில்: லீக் இல்லன்னா பலூன்தான் காரணம் டீச்சர். பலூன் உப்பும்போது அந்த இடத்துல இருந்த காத்து விலகுது, ஒரு லிட்டர் காத்து சுமார் 1.2 கிராம், அந்த அளவுக்கு பலூன மேல தள்ளும், தராசும் அவ்வளவு குறைச்சுக் காட்டும், நிறை மட்டும் அப்படியேதான் இருக்கு. பலூனுக்குப் பதிலா ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில எடுங்க, கண்ணாடி வேண்டவே வேணாம். அரை டீஸ்பூன் சோடாவ டிஷ்யூ பேப்பர்ல மடிச்சு, வினிகர் ஊத்தின பாட்டில், மூடி எல்லாத்தோடயும் சேத்து முதல்ல எடை போட்டுடுங்க, அப்புறம் உள்ள போட்டு உடனே மூடிய இறுக்கிடுங்க (அரை டீஸ்பூனுக்கு மேல போகாதீங்க). பொங்கி அடங்கினதும் அதே எடைதான் காட்டும். கடைசியா மூடிய மெதுவா திறந்துட்டு திரும்ப வச்சு பசங்களையே எடை பாக்கச் சொல்லுங்க, 0.1 கிராம் காட்டற தராசா இருந்தா குறையறது நல்லாவே தெரியும்.